அடிமையில் மாண்பு எங்ஙனே? – ஒரு சேஷத்வ விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவனுக்கும் பறிக்கவொண்ணாத மாண்பு ஒன்று உண்டு என்பது இன்று உலகோர் பலரும் ஒப்பும் கொள்கை. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம் தன் முதற் பிரிவிலேயே இதனைக் கூறி, மனிதர்க்குப் பகுத்தறிவும் மனச்சான்றும் வாய்த்திருப்பதை அதனோடு சேர்த்துரைக்கிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் முகப்புரையும் தனிமனித மாண்பை உறுதிசெய்வதைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கொள்கையில் விவாதமில்லை. அக்கொள்கைக்கு அடி எது என்பதிலேதான் விசாரம். பகுத்தறிவே அடி என்றால், பகுத்தறிவு இன்னும் மலராத சிசுவுக்கும், முதுமையால் அது மங்கிய முதியவருக்கும் மாண்பு எதைப் பற்றி நிற்கும்? ஸ்வதந்திரமே அடி என்றால், பிறர் கைப்பட்டுப் பிழைக்கும் நோயாளிக்கு மாண்பு குறைந்துவிடுமோ?

நம் ஸம்ப்ரதாயத்தாரிடம் இக்கேள்வியை எழுப்புவோர் மற்றொன்றையும் சேர்த்துக் கேட்பதுண்டு. “நீங்களோ ஆத்மாவை அடிமை என்கிறீர்கள். ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அடியேன்’ என்கிறீர்கள். அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று உலகம் பாடுபடும்போது, அடிமையையே ஸ்வரூபமாகக் கொண்ட தர்சனத்தில் மனித மாண்புக்கு இடம் ஏது?” என்பர். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை நம் பூர்வாசாரியர்களின் ஸ்ரீஸூக்திகளில் விரிவாக உள்ளது. அதனைத் தொகுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆத்மாவின் மாண்புக்குச் சேஷத்வம் தடையன்று என்று மட்டும் சொல்லி அமைவது போதாது. அம்மாண்புக்கு அசைக்கவொண்ணாத அடியே சேஷத்வந்தான் என்பது இங்கு ஸ்தாபிக்கப்படுகிறது.

உடையவர் தாமே எழுப்பிய பூர்வபக்ஷம்

மேற்கண்ட கேள்வி இக்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. திருவேங்கடமுடையான் திருமுன்பே அருளிச்செய்யப்பட்டதாக நம் பெரியோர் கொண்டாடும் வேதார்த்தஸங்க்ரஹத்தின் முடிவுப் பகுதியில் உடையவர் தாமே இதனை எழுப்புகிறார். பரமபுருஷனுக்கு அடிமை செய்வதே ஆத்மாவுக்குப் பேரின்பம் என்று நிலைநாட்டியவுடன், எதிர்வாதி குறுக்கிட்டு உரைப்பதாக அவ்விடம் அமைந்துள்ளது. எல்லா உயிர்களும் ஸ்வதந்திரத்தையே விரும்புகின்றன. பிறர் வசப்பட்டிருப்பது யாவும் துன்பம் என்று மனுஸ்ம்ருதியும் கூறுகிறது. பிறரைச் சேவித்துப் பிழைப்பதை நாயின் பிழைப்பு என்றும் அந்த ஸ்ம்ருதியே இகழ்ந்து விலக்குகிறது. ஆகவே சேஷத்வம் இன்பமாவது எங்ஙனே என்பது வாதம்.

இவ்வாதத்தை எம்பெருமானார் எளிதாகத் தள்ளிவிடவில்லை. இதன் வேர் எங்கே உள்ளது என்று அகழ்ந்து பார்க்கிறார். ஒருவன் தன்னை எதுவாக எண்ணுகிறானோ அதற்கு ஏற்பவே அவனுக்கு இன்பமும் துன்பமும் அமைகின்றன. தன்னைச் சிங்கம் என்று எண்ணும் உயிருக்கு ஒன்று இன்பம். பன்றி என்று எண்ணும் உயிருக்கு வேறொன்று இன்பம். மனிதன், யக்ஷன், தேவன், ஆண், பெண் என்று கொள்ளும் எண்ணந்தோறும் இன்பம் வேறுபடுகிறது. ஒன்றுக்கு இன்பமானது மற்றொன்றுக்கு அருவருப்பாகவும் இருக்கிறது. இவையனைத்தும் உடலையே தான் என்று கொண்ட அபிமானத்தால் வந்தவை. பிறர் வசப்படுதல் துன்பம் என்ற உணர்வும் அவ்வபிமானத்தின் விளைவே. உடலைக் கடந்த ஆத்மாவின் இயல்பு இன்னதென்று அறிந்தால், அவ்வியல்புக்கு ஒத்தது எதுவோ அதுவே இன்பமாகும்.

நாயின் பிழைப்பு என்ற வசனத்திற்கும் உடையவர் பொருள் வரையறுக்கிறார். சேவிக்கத் தகாதாரைச் சேவிப்பதையே அது இகழ்கிறது. தன்னைப் போன்ற மற்றொரு ஜீவனிடம், அவன் செல்வத்தையும் அதிகாரத்தையும் பார்த்துக் கைகட்டி நிற்பது இழிவு என்பதில் சித்தாந்திக்கு ஐயமே இல்லை. ஆக, மனுவின் வசனம் சேஷத்வத்தைத் தகர்ப்பதற்கு மாறாக, அதற்கு அரணாகவே நிற்கிறது.

சேஷத்வத்தின் இலக்கணம்

‘அடிமை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் உலகத்தார் மனத்தில் எழுவது சந்தையில் விலைபேசப்பட்ட மனிதனின் உருவம். நம் தர்சனத்தில் சேஷத்வம் என்ற சொல் வந்த வழி வேறு. அது மீமாம்ஸையிலிருந்து வந்தது. ஜைமினி மகரிஷி தம் ஸூத்ரங்களின் மூன்றாம் அத்தியாயத்தில் சேஷ-சேஷி பாவத்தை விசாரிக்கிறார். யாகத்தில் நெல்லைக் குத்துவது எதற்கு? அரிசிக்காக. அரிசி எதற்கு? புரோடாசத்துக்காக. புரோடாசம் எதற்கு? யாகத்துக்காக. தன் பொருட்டு அன்றிப் பிறிதொன்றின் பொருட்டு இருப்பது சேஷம். நெல் குத்தும் வினைக்கு உள்ள அர்த்தம் யாகத்தோடு சேர்ந்தபோதே விளங்குகிறது. அதைத் தனியே பிரித்தால் வெறும் உலக்கையோசைதான் மிஞ்சும்.

இதனையே உடையவர் வேதாந்தத்தில் வைத்து, பிறிதொருவனுக்குப் பெருமை சேர்ப்பதையே தன் இயல்பாகக் கொண்டது சேஷம், அப்பெருமையை உடையவன் சேஷி என்று வரையறுத்தார். ஸ்ரீபாஷ்யத்தில் சரீரத்திற்கு இலக்கணம் கூறும்போதும், ஒரு சேதனனால் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அவனுக்கே சேஷமாயிருக்கும் த்ரவ்யம் சரீரம் என்றார். ஜீவன் பரமாத்மாவுக்குச் சரீரம் என்பது அந்தர்யாமி ப்ராஹ்மணத்தின் தேர்ந்த பொருள். இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். ஒருவனுடைய கை அவனுக்கு அடங்கியதே. அதனால் அவன் தன் கையை இகழ்வதுண்டோ? கையில் முள் தைத்தால் அவனன்றோ துடிக்கிறான்? சேஷத்வம் என்பது இத்தகைய உறவு. சந்தையில் வாங்கியவனுக்கும் வாங்கப்பட்டவனுக்கும் உள்ள ஸம்பந்தத்தை இதன்மேல் ஏற்றிப் பார்ப்பதாலேயே கலக்கம் உண்டாகிறது.

உகாரம் தரும் காப்பு

இனி இவ்வடிமைக்கு எல்லை எது என்று பார்ப்போம். ப்ரணவத்தில் மூன்று எழுத்துக்கள். அகாரம் ஸர்வரக்ஷகனான எம்பெருமானைச் சொல்லும். அதன்மேல் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமை ‘அவனுக்கே உரியது’ என்று சேஷத்வத்தைச் சொல்லும். மகாரம் மெய்யெழுத்துக்களில் இருபத்தைந்தாவதாய் நின்று, இருபத்தைந்தாம் தத்துவமாகிய ஜீவாத்மாவைச் சொல்லும். இடையிலுள்ள உகாரத்தின் பணி என்ன? பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் காட்டியபடி, மற்றொருவருக்கு உரியன் ஆகாமையை அறுதியிடுவது அது. இதனை ‘அநந்யார்ஹ சேஷத்வம்’ என்பர்.

உகாரம் இல்லையாகில் ஜீவன் எம்பெருமானுக்கும் உரியன், அரசனுக்கும் உரியன், செல்வனுக்கும் உரியன் என்று கொள்ள இடமுண்டாகும். உகாரம் அவ்வாசலை அடைக்கிறது. எந்த மனிதனும் எந்த மனிதனுக்கும் உடைமை ஆகான் என்ற கொள்கைக்கு இதனினும் உறுதியான மூலம் வேறென்ன வேண்டும்? ஒருவன் மற்றொருவனை விலைக்குக் கொண்டாலும், கடனுக்காகக் கட்டி வைத்தாலும், பிறப்பைக் காட்டி ஏவல் கொண்டாலும், அவன் எம்பெருமானுடைய சொத்தைக் களவு செய்தவனாகிறான்.

இதன் அநுஷ்டாநத்தைத் திருமழிசைப்பிரான் சரிதத்தில் காண்கிறோம். தன்னைப் பாடுமாறு பல்லவ அரசன் கட்டளையிட்டபோது கணிகண்ணன் இணங்கவில்லை. நாடு கடத்தினான் அரசன். சிஷ்யனோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொற்படியே திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தான். சொன்னவண்ணம் செய்த பெருமாள், யதோக்தகாரி என்ற திருநாமங்கள் இன்றும் அதற்குச் சான்று. அரசன்முன் தலைவணங்காத அந்நிமிர்வு கணிகண்ணனுக்கு எங்கிருந்து வந்தது? வேறொருவனுக்கு உரியன் என்ற தெளிவிலிருந்தே வந்தது. நம்மாழ்வாரும் மானிடரைப் பாடாமையை ஒரு திருவாய்மொழி முழுவதிலும், மூன்றாம் பத்தின் ஒன்பதாம் பதிகமாக, கவிகளுக்கு உபதேசித்தருளினார்.

உகாரம் பிறரை விலக்குவது போலவே, அடுத்து வரும் ‘நம:’ பதம் தன்னையும் விலக்குகிறது. நான் எனக்கு உரியேன் அல்லேன் என்பது அதன் பொருள். இங்கே இக்காலத்து மாண்புக் கொள்கையும் நம் கொள்கையும் வழி பிரிகின்றன. ‘என் வாழ்வு என் உடைமை’ என்று தொடங்கினால், ‘எனக்கு வேண்டாதபோது அதனை எறிந்துவிடுவேன்’ என்ற முடிவும் அதனுள் அடங்கியிருக்கும். என் ஆத்மா எம்பெருமானுடையது என்றால், பிறரை இகழ எனக்கு உரிமையில்லாதது போலவே என்னை நானே இகழ்ந்து அழித்துக்கொள்ளவும் உரிமையில்லை.

ஆழ்வார்கள் தம்மை நீசர் என்று சொல்லிக்கொண்டார்களே என்று இங்கு ஐயுறலாம். அந்த நைச்யாநுஸந்தானம் தம் அறிவும் செயலும் போதா என்பதைச் சொல்வது. ஆத்மா பயனற்றது என்று சொல்வதன்று. முதற்பத்தின் ஐந்தாம் பதிகத்தில் நம்மாழ்வார், தம் தாழ்வு எம்பெருமானுடைய பெருமைக்கு மாசாகுமே என்று அகலப் பார்க்கிறார். எம்பெருமானோ தன் சீலத்தைக் காட்டி மீட்டுக்கொள்கிறான். ஆழ்வார் தம்மை எவ்வளவு தாழ்த்தினும், அவரை இழக்க அவன் இசையவில்லை.

இழவு யாருடையது?

மேலே கூறியதே நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. ஒரு பொருளின் மதிப்பு அதனை இழந்தால் வருந்துவார் யார் என்பதைக் கொண்டு விளங்கும். ஸ்ரீபாஷ்யத்தில் ஸமந்வயாதிகரணத்தில் உடையவர் ஓர் அரசிளங்குமரனின் கதையை எடுத்துரைக்கிறார். விளையாட்டில் ஈடுபட்டு அரண்மனையை விட்டு வெளியேறிய சிறுவன் வழி தப்புகிறான். அரசன், பிள்ளை தொலைந்தான் என்று எண்ணுகிறான். பிள்ளைக்கோ தன் தந்தை யாரென்றே தெரியாது. நல்லோர் ஒருவரால் வளர்க்கப்பட்டு, சாஸ்திரங்கள் கற்றுப் பதினாறு வயது நிரம்பி நிற்கையில், நம்பத்தக்க ஒருவர் வந்து, உன் தந்தை பேரரசன், தொலைந்த மகனாகிய உன்னைக் காண வேண்டும் என்றே நகரத்தில் காத்திருக்கிறான் என்று சொல்கிறார். அக்கணமே மகனுக்கு அளவற்ற உவகை. அதோடு நில்லாமல், மகன் நலமாயிருக்கிறான் என்று கேட்ட தந்தையும் பெறவேண்டியதெல்லாம் பெற்றவன் ஆகிறான் என்று பாஷ்யகாரர் சேர்க்கிறார். பின்னர் இருவரும் கூடுகின்றனர்.

வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் என்ற த்ருஷ்டாந்தம் அத்வைத நூல்களிலும் உண்டு. ஆங்கு அது, நீ வேடன் அல்லை, அரசனே என்று ஒருவனுடைய தன்னறிவை மட்டும் காட்ட வந்தது. உடையவர் கையில் கதையின் மையம் மாறுகிறது. இங்கே இருவர் உளர். தேட்டம் இரு பக்கமும் உண்டு. ஸ்வாமி தேசிகனும் ஸ்ரீமத்ரஹஸ்யத்ரயஸாரத்தின் உபோத்காதாதிகாரத்தில் வேட்டையில் வழி தப்பி வேடர் குறிச்சியில் வளர்ந்த ராஜகுமாரனைக் காட்டி, இவ்வாத்மா ஸ்ரீகௌஸ்துபத்தின் ஸ்தானத்தில் எம்பெருமானுக்கு இனியதாய் இருக்கத் தக்கது என்றே தொடங்குகிறார். ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் முதல் அம்சத்தில் ஆத்மதத்துவத்தைக் கௌஸ்துபமாகப் பகவான் தரிக்கிறான் என்று கூறியிருப்பது இதற்கு மூலம். திருமார்பில் கிடக்க வேண்டிய மணி சேற்றில் கிடந்தால், சேற்றுக்கு அதன் அருமை தெரியாது. மணியும் தன்னை அறியாது. உடையவனே அறிவான்.

பூவை மணத்துக்காகவும் மணியை ஒளிக்காகவும் விரும்புவது போல, ஆத்மாவை அதன் சேஷத்வத்துக்காகவே ஆதரிப்பது என்ற கருத்தைப் பிள்ளை லோகாசாரியரும் முமுக்ஷுப்படியில் அருளிச்செய்தார். இவ்விஷயத்தில் இரு கலையாருக்கும் திருவுள்ளம் ஒன்றே.

கட்டையும் கல்லுமாகக் கிடக்கையில்

பகுத்தறிவே மாண்புக்கு அடி என்றால் வரும் இடர்ப்பாட்டைத் தொடக்கத்தில் சொன்னோம். நம் தர்சனத்தில் அறிவுக்கு உரிய இடம் எது? ஆத்மா ஞானமயன், ஞானத்தை உடையவனும் ஆவான். ஸ்வரூபமான ஞானம் என்றும் குறையாது. தர்மபூத ஞானம் என்னும் அறிவொளி கர்மத்துக்கேற்பச் சுருங்கும், விரியும். சிசுவிடம் அது சுருங்கியிருக்கிறது, கற்றவனிடம் விரிகிறது, முதுமையிலும் நோயிலும் மீண்டும் சுருங்குகிறது. ஸ்ரீகீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் கல்வியும் அடக்கமும் நிறைந்த அந்தணன், பசு, யானை, நாய், நாயைச் சமைத்துண்பவன் ஆகியோரிடம் பண்டிதர் ஸமமாகக் காண்பர் என்ற ச்லோகத்துக்கு, காணப்படும் ஏற்றத்தாழ்வு ப்ரக்ருதியைச் சேர்ந்தது, ஆத்மாக்கள் ஞானமே வடிவாய் எங்கும் ஒத்தவை என்று கீதாபாஷ்யம் விளக்குகிறது.

அந்த ஞானத்தைக் காட்டிலும் சேஷத்வம் இன்னும் உள்ளானது என்பது பூர்வர்களின் நிர்ணயம். ஆத்மாவுக்கு அந்தரங்கமான அடையாளம் ஞானாநந்தங்களோ, சேஷத்வமோ என்ற ஐயம் எழ, கூரத்தாழ்வான் திருக்கோட்டியூர் நம்பியிடம் நெடுநாள் சேவித்து நின்று விடை பெற்றார் என்பது எட்டாம் பத்தின் எட்டாம் பதிகத்தைச் சார்ந்து வழங்கும் ஐதிஹ்யம். ஆழ்வார் தம் ஆத்மாவைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘நான்’ என்னாமல் ‘அடியேன்’ என்றாரே என்று நம்பி அப்பதத்தையே விடையாகத் தந்தார்.

நம் இல்லங்களில் இதன் பயன் நேரே தெரியும். அறுபது ஆண்டுகள் நாள்தோறும் திவ்யப்ரபந்தம் அநுஸந்தித்த பெரியவர் ஒருவர், முதுமையில் தனியன் கூட நினைவின்றி, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் நிலை வருகிறது. பார்ப்பவர், “அவர் போய்விட்டார், உடல் மட்டும் கிடக்கிறது” என்கிறார்கள். நம் ஸித்தாந்தம் அவ்வார்த்தையை ஏற்காது. அவருடைய தர்மபூத ஞானம் சுருங்கிற்று, ஸ்வரூபம் சுருங்கவில்லை, சேஷத்வம் சற்றும் தேயவில்லை. வராஹநாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரமச்லோகத்தின் கருத்தை இங்கே நினைக்க வேண்டும். உடலும் மனமும் திடமாயிருக்கையில் தன்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லுமாகக் கிடக்கும்போது, அவனைத் தான் நினைப்பதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யசிகாமணி என்ற தனி க்ரந்தமே இதற்கு இட்டருளினார். பெரியாழ்வாரும் இறுதிக்காலத்தில் நினைக்க இயலாது போகலாம் என்று, திருவரங்கத்துப் பெருமானிடம் ஒரு திருமொழி முழுவதும் முன்னதாகவே விண்ணப்பித்து வைத்தார்.

நினைவு சேதனனிடமிருந்து அகன்றாலும், சேதனனைப் பற்றிய நினைவு சேஷியிடம் அகலவில்லை. ஆகவே அம்முதியவரை நீராட்டுவதும், ஊட்டுவதும், படுக்கையை மாற்றுவதும் எம்பெருமான் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளுக்குச் செய்யும் கைங்கரியமே ஆகும். அவர் முன்னிலையிலேயே அவரைக் குறித்து அலட்சியமாகப் பேசுவதும், குழந்தையை அதட்டுவது போல அதட்டுவதும் அவன் நினைவிலுள்ளதை நாம் மறந்த குற்றமாகும்.

படியும் பார்வையும்

மாண்பு ஸ்வரூபத்தால் வந்தது என்றால், வாழ்க்கைக்கு அர்த்தம் எதனால் வருகிறது? கைங்கரியத்தால் என்பது ஒரு சொல்லில் விடை. ஆயினும் இங்கும் ஓர் ஆசங்கை உண்டு. எம்பெருமானுக்கு முற்றும் வசப்பட்டவன் வெறும் கருவியாய்ப் போகானோ? சந்தனமும் பூவும் போல இருந்துவிட்டால் சேதனன் என்ற சிறப்பு எங்கே?

குலசேகரப் பெருமாள் இதற்கு விடையளிக்கிறார். பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில் திருவேங்கடமலையில் பறவையாய், மீனாய், மரமாய்ப் பிறக்க வேண்டிக்கொண்டு வந்தவர், முடிவில் அப்பெருமானின் வாசலில் படியாய்க் கிடக்க விரும்புகிறார். கிடந்து, அவன் திருவாயைக் காண வேண்டும் என்றும் சேர்க்கிறார். படி கிடக்கும், காணுமோ? அடியாரும் தேவரும் மிதித்து ஏறும்படி அசித்தைப் போலத் தன் வசமற்றுக் கிடப்பது பாரதந்திரியம். காண்பதும், கண்டு உகப்பதும் சைதந்யம். இவ்விரண்டும் சேர்ந்ததே புருஷார்த்தம் என்று பூர்வர்கள் இதனை எடுத்துக்காட்டுவர். முடிசூடி அரசாண்டவர் விரும்பிய பதவி இது. திருமலையில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரப்படி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

சந்தனம் பூசப்பட்டபோது பூசியவனுக்கு மகிழ்ச்சி, சந்தனத்துக்கு ஒன்றுமில்லை. சேதனனோ தன்னால் எம்பெருமான் உகந்தான் என்று அறிகிறான். அவ்வுகப்பைக் கண்டு தானும் உகக்கிறான். அவ்வுகப்பு எம்பெருமானுக்கு இன்னும் உகப்பாகிறது. அறிவு நமக்கு அளிக்கப்பட்டதன் பயன் இங்கே நிறைவேறுகிறது. இதனால் செய்யும் தொழிலில் உயர்வு தாழ்வு பார்ப்பதும் ஒழிகிறது. திருமடைப்பள்ளியில் விறகு அடுக்குபவரும், நந்தவனத்தில் பூப்பறிப்பவரும், ப்ராகாரத்தைத் திருவலகிடுபவரும், கோஷ்டியில் முதல் ஸ்தானத்தில் அமர்ந்து சேவாகாலம் செய்பவரும் ஒரே உகப்புக்கு விஷயமாகின்றனர்.

பிறப்பை ஆராய்தல்

இதுவரை சொன்னது நம்மில் பெரும்பாலோர் அறிந்ததே. அறிந்தபடி நடக்கிறோமா என்பதே மீதமுள்ள விசாரம். ஸ்ரீவசநபூஷணம் இவ்விஷயத்தில் மிகக் கடுமையாகப் பேசுகிறது. அடியார்களின் பிறப்பை ஆராய்வது, அர்ச்சாவதாரத் திருமேனி எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதோடு ஒக்கும் என்றும், அது தாயின் கற்பைச் சோதிப்பது போன்ற கொடுமை என்றும் பிள்ளை லோகாசாரியர் திருவுள்ளம். உயர்ந்ததாகக் கருதப்படும் பிறப்பில் அஹங்காரம் தலையெடுக்க இடமுண்டு. தாழ்ந்ததாகக் கருதப்படும் பிறப்பிலோ அத்தீங்கு இல்லை என்று, உலகம் வைத்த வரிசையையே அவர் தலைகீழாக்குகிறார். பெருமாள் ஜடாயு மகாராஜருக்கு ஈமக்கடன் செய்ததையும், தர்மபுத்ரர் விதுரருக்குச் செய்ததையும், கண்ணன் பீஷ்ம த்ரோணர்களின் மாளிகைகளை விட்டு விதுரர் இல்லத்தில் அமுது செய்ததையும், ரிஷிகள் தர்மவ்யாதன் வாசலில் ஐயம் தீரக் காத்திருந்ததையும் வரிசையாக நினைவூட்டி, மாறனேர்நம்பி விஷயத்தில் பெரியநம்பி சொன்ன வார்த்தையோடு முடிக்கிறார்.

அவ்வார்த்தை யாது? ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேர்நம்பி, ஊரார் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது பெரியநம்பி ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். ஊர் பழித்தது. உடையவர், பெரியநம்பியின் திருவாயால் காரணம் வெளிப்பட வேண்டும் என்று வினவினார். நான் பெருமாளினும் உயர்ந்தவனோ, இவர் அந்தப் பறவையினும் தாழ்ந்தவரோ, ஆழ்வார் அடியார் பெருமையைப் பாடிய பதிகங்கள் பொருளற்ற கடலோசையோ என்று பெரியநம்பி விடை பகர்ந்தார். உடையவருக்கே பஞ்சஸம்ஸ்காரம் செய்துவைத்த ஆசாரியர் ஊர்ப்பழியைத் தலைமேற்கொண்டு செய்த செயல் இது.

ஸ்வாமி தேசிகன் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரத்தில் பாகவதப் பெருமைக்கும் வர்ணாச்ரம நியமங்களுக்கும் எல்லை வகுத்துள்ளார் என்பதும், இவ்விஷயத்தில் இரு மரபினரிடையே நெடிய விவாதம் உண்டு என்பதும் வாசகர்கள் அறிந்தவை. அவ்விவாதம் நியமங்களைப் பற்றியது. அவமதிக்கலாம் என்று சொன்னவர் எந்த மரபிலும் இல்லை. பாகவதாபசாரத்தை அனைவரும் ஒரே குரலில் அஞ்சினர். ஆகவே நூல்களிலுள்ள கருத்து வேறுபாட்டைக் காட்டி, நம் நடையிலுள்ள குறைக்கு மறைவு தேட வழியில்லை.

மரபுரிமையாகக் கைங்கரியம் வாய்த்த குடிகளில் பிறந்த எங்களைப் போன்றோருக்கே இது முதலில் பொருந்தும். ததீயாராதனப் பந்தியில் யார் எங்கே அமர்வது, தீர்த்த ப்ரஸாதம் தரும்போது யார் கையைப் பார்த்துத் தருவது, யார் கையிலிருந்து விலகித் தருவது, சேவிக்க வந்த ஏழையிடம் எந்தக் குரலில் பேசுவது என்ற சிறு செயல்களிலேயே உகாரமும் நமஸ்ஸும் நம்மிடம் பொருளாயினவா, ஒலியாகவே நின்றனவா என்பது தெரிந்துவிடும். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. சட்டம் செயலைத் தடுக்கும். முகச்சுளிப்பைத் தடுக்க அதனால் இயலாது. அதனைத் தடுக்கவல்லது சேஷத்வ ஞானமே.

அடியாரைப் பற்றி மட்டுமன்றோ இவ்வசனங்கள், மற்றையோர் மாண்புக்கு இவை ப்ரமாணமாகுமோ எனின், ஆகும். அடியாருக்கு உள்ள சிறப்பு, தம் சேஷத்வத்தை உணர்ந்தமை. உணராதவருக்கும் சேஷத்வம் உண்டு. அரசன் மகன் என்று அறியாதபோதும் அவன் அரசன் மகனே. அறியாமல் அலைபவனைத் தந்தை மறந்தான் என்று கதை சொல்லவில்லை. பிறருடைய துன்பத்தைக் கண்டால் ‘ஐயோ’ என்று நெஞ்சு இரங்குமாகில் நமக்கு எம்பெருமானோடு ஸம்பந்தம் உண்டென்று அறியலாம், படட்டும் என்று இருக்குமாகில் இல்லையென்று அறியலாம் என நஞ்சீயர் வார்த்தையாகப் பூர்வர்கள் வழங்குவர். அவர் ‘பிறர்’ என்றதற்கு எல்லை ஏதும் கட்டவில்லை.

நிகமனம்

மாண்புக்கு அடி அறிவு என்றால் அறிவு சுருங்கும். ஸ்வதந்திரம் என்றால் நோயும் முதுமையும் அதனைப் பறிக்கும். குலமும் செல்வமும் என்றால் அவை ஒருவனுக்கு உண்டாகி மற்றவனுக்கு இல்லையாகும். சேஷத்வம் ஒன்றே எல்லா ஆத்மாக்களுக்கும் பொதுவாய், எக்காலத்தும் குறையாததாய், எவராலும் பறிக்கவொண்ணாததாய் நிற்கிறது. எம்பெருமானுக்கு அடிமை என்ற அறிவு வேறெவருக்கும் அடிமையாகாமையைத் தருகிறது. தன்னை இகழாமையையும் பிறரை இகழாமையையும் ஒருங்கே விதிக்கிறது. கிடைத்த ஆயுளை அவன் உகப்புக்கு ஆக்குவதால் வாழ்வுக்கு அர்த்தம் தருகிறது. நாவால் நாள்தோறும் ‘அடியேன்’ என்று சொல்லும் நாம், எதிரில் நிற்பவரும் அவனுக்கே அடியார் என்று கண்டு பழகினால், அச்சொல் நிறைவு பெறும்.